மிதிவண்டி நிறுத்தகமும் உடைமாற்று அறையும் (பசுமைக் கட்டிடம்)

பசுமைக் கட்டிடத் தரப்படுத்தலில் மிதிவண்டி நிறுத்தகமும் உடைமாற்று அறையும் என்பது, ஒரு கட்டிடத்தில் வேலை செய்வோரும் அங்கு வந்து போவோரும் மிதிவண்டியில் வருவதற்கு ஏற்ற வசதிகளைக் கட்டிடத்தின் ஒரு பகுதியாகவே அமைக்க வேண்டும் என்னும் தேவைப்பாடு ஆகும். வண்டியைப் பூட்டி வைப்பதற்கான இடம், ஓட்டி வந்தவர் குளித்து உடை மாற்றுவதற்கான அறை ஆகிய இரண்டும் இதில் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் உருவான லீட் தரப்படுத்தல் முறையில் இது நெடுங்காலம் ஒரு புள்ளிக்குரிய தனித் தலைப்பாக இருந்தது. ஐக்கிய இராச்சியத்தின் பிரீயம், ஆஸ்திரேலியாவின் கிரீன் ஸ்டார் ஆகிய முறைகளிலும், கலிபோர்னியா மாநிலத்தின் கட்டிட விதித்தொகுப்பிலும் இதையொத்த விதிகள் உள்ளன. இக்கட்டுரை பெரும்பாலும் லீட் முறையை அடிப்படையாகக் கொண்டு இத்தேவைப்பாட்டை விளக்குகின்றது.

நோக்கம்

கட்டிடம் ஒன்றின் ஆற்றல் செலவைப் பற்றிப் பேசும்போது விளக்கு, குளிர்சாதனம், சூடாக்கி, மின்தூக்கி ஆகியவையே வழக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஊழியர்கள் அக்கட்டிடத்துக்கு வந்து திரும்புவதற்கு எரிக்கும் எரிபொருள், கட்டிடத்தின் எந்தக் கட்டணச் சீட்டிலும் பதிவாவதில்லை. 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் "என்விரோன்மென்டல் பில்டிங் நியூஸ்" என்னும் இதழ் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டது. அந்நாட்டின் சராசரி அலுவலகக் கட்டிடம் ஒன்று இயங்குவதற்குச் செலவாகும் ஆற்றலைவிட, அதில் வேலை செய்வோர் வந்து போவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 30% கூடுதல் என்பது அக்கணக்கின் முடிவு. புதிய ஆற்றல் விதிகளின்படி கட்டப்பட்ட அலுவலகங்களில் பயணத்துக்கான ஆற்றல், கட்டிடத்துக்கான ஆற்றலின் இரு மடங்கையும் தாண்டுகின்றது எனவும் அது காட்டியது. கட்டிடம் எவ்வளவு சிக்கனமாகக் கட்டப்படுகின்றதோ, அவ்வளவுக்குப் பயணத்தின் பங்கு மேலோங்கி நிற்கும் என்பது இதன் பொருள். நகரத்திலிருந்து வெகு தொலைவில், காரில் மட்டுமே போகக்கூடிய இடத்தில், சூரிய மின்தகடுகளுடன் எழுப்பப்படும் ஒரு கட்டிடத்தைப் பசுமையானது என்று அழைப்பதில் உள்ள சிக்கல் இதுவே.

எனவே தரப்படுத்தல் முறைகள் கட்டிடத்தின் சுவர்களுக்கு வெளியே நிகழும் பயணத்தையும் மதிப்பிடத் தொடங்கின. இதில் மிதிவண்டியின் பங்கு சிறியதே. லீட் முறையின் 2009 ஆம் ஆண்டுப் பதிப்பில், புதிய கட்டிடங்களுக்குப் பொதுப் போக்குவரத்து வசதிக்கு 6 புள்ளிகளும், குறைந்த மாசுள்ள வாகனங்களுக்கு 3 புள்ளிகளும், கார் நிறுத்துமிடத்தைக் குறைப்பதற்கு 2 புள்ளிகளும் வழங்கப்பட்டன. மிதிவண்டி வசதிக்குக் கிடைத்தது 1 புள்ளி மட்டுமே. மொத்தம் 110 புள்ளிகளில் 40 பெற்றால் சான்றிதழ், 50 பெற்றால் வெள்ளி, 60 பெற்றால் தங்கம், 80 பெற்றால் பிளாட்டினம் என்பது அப்பதிப்பின் ஒழுங்கு.

வரலாறு

கட்டிடங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் மதிப்பிடும் முறைகளுள் மூத்தது, 1990 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் வெளியான பிரீயம் ஆகும். ஐக்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டிட அவை 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது 1998 இல் லீட் முறையைச் சோதனை அடிப்படையிலும், 2000 இல் இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்டது. பின்னர் 2005 இல் 2.2 பதிப்பும், 2009 இல் மூன்றாம் பதிப்பும், 2013 இல் நான்காம் பதிப்பும், 2025 ஏப்ரலில் ஐந்தாம் பதிப்பும் வந்தன. ஒரு கட்டிடம் எந்தப் பதிப்பின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டதோ அப்பதிப்பின் விதிகளே அதற்குப் பொருந்தும். கீழே தரப்படும் எண்களைப் பயன்படுத்துவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

லீட் முறையின் தேவைப்பாடுகள்

2.2 பதிப்பிலும் 2009 பதிப்பிலும் விதி எளிமையானது. வணிகக் கட்டிடமோ நிறுவனக் கட்டிடமோ, உச்ச நேரத்தில் அதனைப் பயன்படுத்துவோரில் 5% பேருக்குப் பாதுகாப்பான வண்டித் தாங்கிகளை வாயிலிலிருந்து 200 கசத்துக்குள், அதாவது ஏறத்தாழ 180 மீட்டருக்குள் அமைக்க வேண்டும். முழுநேர ஊழியர் எண்ணிக்கையில் 0.5% என்ற அளவில் ஷவருடன் கூடிய உடைமாற்று அறைகள் கட்டிடத்துக்கு உள்ளேயோ அதே 200 கசத்துக்குள்ளோ இருக்க வேண்டும். குடியிருப்புக் கட்டிடங்களில் ஷவர் கேட்கப்படவில்லை. வீட்டிலேயே குளியலறை இருப்பதால், குடியிருப்போரில் 15% பேருக்குக் கூரையிட்ட நிறுத்தகம் இருந்தால் போதும்.

இவ்விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வாயிலுக்கு அருகே தாங்கி உண்டா என்று கேட்ட விதி, அந்த வாயில் வரை மிதிவண்டியில் வர முடியுமா என்று கேட்கவில்லை. ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையின் ஓரத்தில், நடைபாதைகூட இல்லாத வணிக வளாகமும் நான்கு தாங்கிகளையும் ஒரு ஷவரையும் வைத்துப் புள்ளியைப் பெற்றுவிடலாம்.

2013 இல் வெளியான நான்காம் பதிப்பு இக்குறையைச் சரிசெய்ய முயன்றது. அதன்படி கட்டிடத்தின் வாயிலோ நிறுத்தகமோ ஒரு மிதிவண்டி வலையமைப்பிலிருந்து 180 மீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வலையமைப்பின் வழியாக 4,800 மீட்டருக்குள் பத்துப் பல்வகைப் பயன்பாட்டு இடங்களையோ, ஒரு தொடருந்து நிலையத்தையோ, விரைவுப் பேருந்து நிறுத்தத்தையோ, படகுத்துறையையோ சென்றடைய முடிய வேண்டும். கட்டிடத்தின் பாதிக்கு மேல் குடியிருப்பாக இருந்தால் பள்ளி அல்லது வேலை மையம் ஒன்றைச் சென்றடைவதும் ஏற்கப்படும். தனி மிதிவண்டிப் பாதை, சாலையில் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட தடம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேக வரம்புள்ள தெரு ஆகியவை வலையமைப்பாகக் கருதப்படுகின்றன. இவை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நடுவில் ஒரு பாலத்தில் அறுந்துபோன பாதை ஏற்கப்படாது.

இப்பதிப்பு நிறுத்தகத்தையும் இரண்டாகப் பிரித்தது. வருகையாளர் ஓரிரு மணி நேரம் வண்டியை விட்டுச் செல்வது குறுங்கால நிறுத்தம். ஊழியர் நாள் முழுவதும், குடியிருப்பவர் இரவும் விட்டு வைப்பது நெடுங்கால நிறுத்தம். முதலாவது உச்ச நேர வருகையாளரில் 2.5% பேருக்கும், இரண்டாவது வழக்கமான பயன்பாட்டாளரில் 5% பேருக்கும் அமைய வேண்டும். இரண்டிலும் கட்டிடம் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு இடங்கள் இருக்க வேண்டும். நெடுங்கால நிறுத்தகம் மழையும் பனியும் படாதவாறு மூடப்பட்டிருத்தல் வேண்டும். வாயிலிலிருந்து நிறுத்தகத்துக்கான தூரம் 30 மீட்டராகக் குறைக்கப்பட்டது. எனினும் அடுத்து வந்த 4.1 பதிப்பில் இத்தூரம் மீண்டும் தளர்த்தப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான நெடுங்கால நிறுத்தக அளவு நான்காம் பதிப்பில் 30% ஆக உயர்ந்தது. ஷவர் விதி முதல் 100 பேருக்கு ஒன்று, அதன்பின் ஒவ்வொரு 150 பேருக்கும் ஒன்று என மாறியது.

கணக்கிடும் முறை

இங்கு மாணவர்கள் அடிக்கடி குழம்புவது, யாரை எண்ணுவது என்பதில்தான். லீட் முறை தலைகளை நேரடியாக எண்ணுவதில்லை. வேலை நேரத்தை எண்ணுகின்றது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்பவர் ஒரு முழுநேர ஈடு. 4 மணி நேரம் வேலை செய்பவர் அரை ஈடு. வாடிக்கையாளர், விருந்தினர் போன்றோர் இதில் சேர்வதில்லை. அவர்கள் உச்ச நேர வருகையாளர் எனத் தனியாக எண்ணப்படுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, ஓர் அலுவலகத்தில் 400 முழுநேர ஊழியரும், நாளுக்கு 4 மணி நேரம் வேலை செய்யும் 60 பகுதிநேர ஊழியரும் உள்ளனர் எனக் கொள்வோம். 60 பேர் 4 மணி நேரம் வேலை செய்தால் மொத்தம் 240 மணி நேரம். அதனை 8 ஆல் வகுத்தால் 30 ஈடு கிடைக்கும். ஆகவே மொத்தம் 430. உச்ச நேரத்தில் வருகையாளர் 80 பேர்.

2009 பதிப்பின்படி 430 உடன் 80 ஐக் கூட்டி 510 இல் 5% காண வேண்டும். விடை 25.5. பின்னம் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கப்படுவதால் 26 வண்டிகளுக்கு இடம் தேவை. ஷவருக்கு 430 இல் 0.5%, அதாவது 2.15. எனவே 3 ஷவர்கள்.

நான்காம் பதிப்பின்படி நெடுங்கால நிறுத்தகத்துக்கு 430 இல் 5%, அதாவது 21.5. எனவே 22 இடங்கள். குறுங்கால நிறுத்தகத்துக்கு 80 இல் 2.5%, அதாவது 2 இடங்கள்தாம் வருகின்றன. ஆனால் குறைந்தபட்ச வரம்பு 4 என்பதால் 4 இடங்கள் வேண்டும். ஒரே தாங்கியை இரண்டு கணக்கிலும் காட்ட முடியாது. ஷவருக்கு முதல் 100 பேருக்கு 1. மீதி 330 ஐ 150 ஆல் வகுத்தால் 2.2, அதாவது 3. மொத்தம் 4 ஷவர்கள். தாங்கிகளின் மொத்த எண்ணிக்கை இரு பதிப்புகளிலும் 26 ஆகவே அமைந்தது இவ்வெடுத்துக்காட்டில் நேர்ந்த தற்செயல். ஷவர் ஒன்று கூடியிருப்பது தற்செயல் அன்று.

வேலை இரு முறைகளாக நடக்கும் இடங்களில் முறை மாறும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் முறையினர் இன்னும் கிளம்பாமலும் இரண்டாம் முறையினர் வந்து சேர்ந்தும் இருக்கும் அரை மணி நேரத்தில்தான் நிறுத்தகம் நிரம்பி வழியும்.

நிறுத்தகத்தின் அமைப்பு

மிதிவண்டி ஒன்று ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்டது. அதனை நிறுத்துவதற்கு மிகவும் நம்பகமானதாகக் கருதப்படுவது, கவிழ்த்து வைத்த "ப" வடிவில் வளைத்துத் தரையில் பதிக்கப்பட்ட உருக்குக் குழாய் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது அந்நாட்டு நகரமொன்றின் பெயரால் ஷெபீல்டு தாங்கி எனப்படுகின்றது. வண்டியின் சட்டம் இதில் இரு புள்ளிகளில் சாய்ந்து நிற்பதால் விழுவதில்லை. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். ஒரு தாங்கியின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு வண்டிகள் நிற்கும்.

இதற்கு மாறாக, முன்சக்கரத்தை மட்டும் ஒரு பிளவுக்குள் செருகி நிறுத்தும் தாங்கிகள் மலிவானவை. பல இடங்களில் இன்றும் காணப்படுகின்றன. யாராவது தெரியாமல் இடித்தால் வண்டி சாய்ந்து, பிளவுக்குள் சிக்கிய சக்கரத்தின் விளிம்பு வளைந்துவிடும். பூட்டும் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். திருடுபவர் அச்சாணியைத் தளர்த்திச் சக்கரத்தைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு, மற்றதை எடுத்துச் சென்றுவிடலாம். அலைபோல் வளைந்த நீண்ட குழாய்த் தாங்கிகளிலும் வண்டி ஒரே புள்ளியில் சாய்வதால் நிலையாக நிற்பதில்லை. இவற்றை விற்பவர்கள் சொல்லும் கொள்ளளவுக்கும் உண்மையில் நிறுத்தக்கூடிய வண்டிகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

மேற்கண்ட எடுத்துக்காட்டின் 22 வண்டிகளுக்கு 11 குழாய்த் தாங்கிகள் வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக வைத்தால் சுமார் 11 மீட்டர் நீளம் ஆகும். வண்டிக்கு 2 மீட்டரும், உருட்டிச் செல்லும் இடைவழிக்கு 1.8 மீட்டரும் விட்டால், மொத்தப் பரப்பு ஏறத்தாழ 42 சதுர மீட்டர். ஐக்கிய அமெரிக்காவில் கார் ஒன்றை நிறுத்தும் கட்டம் 15 சதுர மீட்டர் அளவினது. இடைவழியையும் சேர்த்த 22 மிதிவண்டிகளின் இடம், இடைவழி சேர்க்காத மூன்று கார்களின் இடத்தைவிடக் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது.

இடத்தின் பரப்பைவிட அந்த இடத்துக்குச் செல்லும் வழியே பெரும்பாலும் வடிவமைப்பில் தவறிப்போகின்றது. வரைபடத்தில் நிலவறையின் மூலை ஒன்றில் நிறுத்தகத்தை வரைவது எளிது. அங்கு செல்லப் படிக்கட்டில் வண்டியைத் தூக்க வேண்டியிருந்தாலோ, தானாக மூடிக்கொள்ளும் இரண்டு கனமான தீத்தடுப்புக் கதவுகளைத் தோளால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, கார்கள் ஏறி இறங்கும் செங்குத்தான சரிவில் ஓட்ட வேண்டியிருந்தாலோ, முதல் வாரத்துக்குப் பின் அந்த அறை வெறுமையாகவே இருக்கும். விதியின்படி தூரம் சரியாக இருக்கும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும், சான்றிதழும் சுவரில் தொங்கும். வருகையாளருக்கான தாங்கிகள் வாயிலிலிருந்து கண்ணில் படும் இடத்தில், வெளிச்சத்தில் இருப்பதே முறை. கட்டிடத்தின் பின்புறம் குப்பைத் தொட்டிகளுக்கு அருகே ஒதுக்கப்பட்ட தாங்கியை வருகையாளர் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. விளக்குக் கம்பத்திலேயே பூட்டிவிட்டுப் போகின்றனர்.

உடைமாற்று அறை

மிதிவண்டிக்கு நிறுத்தகம் தேவை என்பது எல்லோருக்கும் புரியும். ஷவர் ஏன் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஐக்கிய அமெரிக்க நகரங்களில் வீட்டுக்கும் வேலைக்கும் இடையேயான தூரம் அதிகம். கோடை கடுமையானது, அலுவலக உடைப் பழக்கமும் இறுக்கமானது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்தவர் அப்படியே கூட்டத்தில் போய் அமர முடியாது. நெதர்லாந்தில் இச்சிக்கல் குறைவு. அங்கு நிலம் தட்டையானது. மக்கள் அன்றாட உடையிலேயே மெதுவாகக் குறுந்தூரம் ஓட்டுகின்றனர். உட்ரெக்ட் மையத் தொடருந்து நிலையத்தில் 2019 இல் நிறைவடைந்த 12,500 வண்டிகளுக்கான நிறுத்தகம் காட்டுவதுபோல், அந்நாட்டில் தட்டுப்பாடு வண்டி நிறுத்தும் இடத்துக்கே ஆகும். ஒரு நாட்டின் விதியை வேறு நாட்டில் அப்படியே எடுத்தாள்பவர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது. வெப்ப நாடுகளில் ஷவரின் தேவை ஐக்கிய அமெரிக்காவைவிடக் கூடுமேயன்றிக் குறையாது.

ஷவர்களின் எண்ணிக்கையில் பிரித்தானிய முறை வேறு அளவுகோலைக் கொண்டது. பிரீயம் முறையின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு, மிதிவண்டி இடங்கள் பத்துக்கு ஒரு ஷவர் என்று கணக்கிடுகின்றது. லாக்கர்களின் எண்ணிக்கை வண்டி இடங்களின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. அதோடு நனைந்த உடைகளை உலர்த்துவதற்கென்றே காற்றோட்டமும் வெப்பமும் உள்ள தனி இடத்தையும் அது ஒரு வசதியாக எண்ணுகின்றது. மழை நாட்டில் எழுதப்பட்ட விதி என்பது இதிலேயே தெரிகின்றது. லீட் விதியில் உலர்த்தும் இடம் கேட்கப்படவில்லை. அதனால் லீட் சான்றிதழ் பெற்ற கட்டிடங்களில் ஈரத் துண்டு நாற்காலியின் முதுகில் காய வேண்டிய நிலை ஏற்படக்கூடும்.

குறைந்த எண்ணிக்கையில் ஷவர் அமைக்கும்போது, ஆண், பெண் எனப் பிரித்த பொது அறைகளைவிட, உள்ளே தாழிட்டுக் கொள்ளக்கூடிய தனித்தனி அறைகளே சிறந்தவை. ஒரே ஒரு ஷவர் மட்டும் தேவைப்படும் சிறிய கட்டிடத்தில் அதனை ஆண்கள் கழிப்பறைக்குள் வைத்துவிட்டால் பாதிப் பேருக்கு வசதி இல்லாமல் போகும். அந்த அறைக்குள்ளேயே உலர்ந்த தரையும், உடை மாட்டக் கொக்கிகளும், அமர ஓர் இருக்கையும் வேண்டும். ஷவரிலிருந்து உடை மாற்றும் இடத்துக்குப் பொது நடைவழியைக் கடந்து போக வேண்டிய அமைப்பை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவில் மாற்றுத் திறனாளிகளுக்கான 2010 ஆம் ஆண்டு அணுகல் நியமங்களும் இங்குப் பொருந்தும். சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறிக் குளிக்கும் வகை ஷவரின் உள்ளளவு 36 அங்குலத்துக்கு 36 அங்குலம், அதாவது ஏறத்தாழ 915 மில்லிமீட்டர் சதுரமாக இருக்க வேண்டும்.

ஷவர் வைப்பது நீர்ச் சிக்கனத்துக்கு எதிரானது அல்லவா என்னும் கேள்வி எழுவது இயல்பு. ஐக்கிய அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டப்படி ஷவர் தலையின் உச்ச அளவு நிமிடத்துக்கு 9.5 லிட்டர். வாட்டர்சென்ஸ் முத்திரை பெற்றவற்றில் இது 7.6 லிட்டரைத் தாண்டாது. ஐந்து நிமிடக் குளியலுக்கு முதலாவதில் 47.5 லிட்டரும், இரண்டாவதில் 38 லிட்டரும் செலவாகும். பத்துப் பேர் குளித்தால் நாளொன்றுக்கு 95 லிட்டர் மிச்சம். அலுவலகத்தில் குளிப்பவர் காலையில் வீட்டில் குளிக்காமல் வரக்கூடும் என்பதால் இந்நீர் முழுவதும் கூடுதல் செலவு என்றும் சொல்ல முடியாது. ஆயினும் கட்டிடத்தின் நீர்க் கணக்கில் அது கூடுதலாகவே தெரியும்.

பயன்படுத்தப்படாத ஷவர்தான் உண்மையான கேடு. குழாய்களில் வெதுவெதுப்பான நீர் நாள்கணக்கில் அசையாமல் நின்றால், அதில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகக்கூடும். ஷவர் திறக்கப்படும்போது அது நுண்துளிகளாக மூச்சுடன் சென்று, கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இதனால் அரிதாகப் பயன்படும் ஷவர்களை வாரம் ஒரு முறையேனும் திறந்துவிட்டு நீரை வெளியேற்ற வேண்டும் என்று ஐக்கிய இராச்சியத்தின் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. புள்ளிக்காக மட்டும் கட்டப்பட்டு, பின்னர் அட்டைப் பெட்டிகளை அடுக்கும் அறையாக மாறிப்போன ஷவருக்குப் பின்னால் யாரும் திறக்காத நீர்க்குழாய் ஒன்று இருக்கின்றது என்பதைக் கட்டிடப் பராமரிப்பாளர்கள் மறந்துவிடுகின்றனர்.

சட்ட விதிகள்

லீட் போன்றவை கட்டிட உரிமையாளர் விரும்பி ஏற்கும் முறைகள். கலிபோர்னியாவில் இது சட்டத்தின் பகுதியாக உள்ளது. கால்கிரீன் எனப்படும் அம்மாநிலத்தின் பசுமைக் கட்டிட விதித்தொகுப்பு 2011 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இது குறுங்கால நிறுத்தகத்தையும் நெடுங்கால நிறுத்தகத்தையும் கட்டாயமாக்கியது. ஷவரும் உடைமாற்று அறையும் விருப்பத்துக்குரிய பகுதியில் வைக்கப்பட்டன.

லீட் விதிக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருந்தது. லீட் ஆட்களின் எண்ணிக்கையில் 5% கேட்கின்றது. கால்கிரீன் நடைமுறைக்கு வந்தபோது கார் நிறுத்தும் இடங்களின் எண்ணிக்கையில் 5% கேட்டது. 430 பேர் வேலை செய்யும் இரு கட்டிடங்களில் ஒன்றில் ஊழியருக்கு 300 கார் இடங்களும் மற்றதில் 40 கார் இடங்களும் இருந்தால், அந்தக் கால்கிரீன் கணக்கில் முதலாவதற்கு 15 மிதிவண்டி இடங்களும் இரண்டாவதற்கு 2 இடங்களும் தேவை. லீட் இரண்டிலும் 22 கேட்கும். காரைக் குறைத்த கட்டிடத்தில்தான் மிதிவண்டி அதிகம் வரும் என்பதால், அந்தக் கால்கிரீன் முறை தேவைக்கு நேர்மாறாக அமைந்துவிட்டது. கார் இடங்களின் எண்ணிக்கை கட்டிட அனுமதி வரைபடத்தில் எப்போதும் இருக்கும், ஆட்களின் எண்ணிக்கை இருக்காது என்பது இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது.

புதிய கட்டிடங்களுக்கான விதி பழைய கட்டிடங்களுக்கு உதவாது. நியூயார்க் நகரம் 2009 ஆம் ஆண்டில் இதற்கு வேறு வழியைக் கண்டது. சரக்கு மின்தூக்கி உள்ள அலுவலகக் கட்டிடங்களில், வாடகைக்கு இருக்கும் நிறுவனம் விண்ணப்பித்தால் அதன் ஊழியர்கள் மிதிவண்டியை மின்தூக்கியில் ஏற்றித் தம் அலுவலகத்துக்குள் கொண்டு செல்லக் கட்டிட உரிமையாளர் வழி செய்ய வேண்டும் என்று அந்நகரச் சட்டம் கூறுகின்றது.

குறைகூறல்களும் பயன்பாடும்

பசுமைக் கட்டிட முறைகளைக் குறைகூறுவோர் மிதிவண்டித் தாங்கியையே அடிக்கடி எடுத்துக்காட்டாகக் காட்டுவதுண்டு. பெருஞ்செலவில் நிறுவப்படும் ஆற்றல் சேமிப்பு ஏற்பாடு ஒன்றுக்குக் கிடைக்கும் அதே ஒரு புள்ளி, சில நூறு டாலர் மதிப்புள்ள தாங்கிக்கும் கிடைப்பது எப்படி நியாயமாகும் என்பது அவர்களின் வாதம். ஆடன் செண்ட்லர், ராண்டி யூடால் ஆகியோர் 2005 இல் எழுதிய கட்டுரை, சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று பாராமல் எது மலிவாகப் புள்ளி தரும் என்று தேடும் போக்கைக் கடுமையாகச் சாடியது. இவ்வாதம் ஓரளவே சரியானது. தாங்கி மலிவானது என்பது உண்மை. ஆனால் ஷவர், லாக்கர், நீர்க்குழாய், வடிகால், தளப்பரப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் இந்தப் புள்ளி அவ்வளவு மலிவானது அன்று. வாடகைக்கு விடக்கூடிய தளத்தை ஷவருக்குக் கொடுப்பதற்கு உரிமையாளர்கள் தயங்குவதே இதற்குச் சான்று.

இவ்வசதிகளால் பயன் உண்டா என்பதைப் பற்றிய ஆய்வுகளுள் ரால்ப் பியூலர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வாஷிங்டன் வட்டாரத்தில் வேலைக்குச் செல்வோரைப் பற்றிய தரவுகளை அவர் ஆராய்ந்தார். எந்த மிதிவண்டி வசதியும் இல்லாத இடத்தில் வேலை செய்வோருடன் ஒப்பிட்டால், நிறுத்தகம் மட்டும் உள்ள இடத்தில் வேலை செய்வோர் மிதிவண்டியில் வரும் வாய்ப்பு 1.78 மடங்காக இருந்தது. நிறுத்தகம், ஷவர், லாக்கர் ஆகிய மூன்றும் உள்ள இடத்தில் அது 4.86 மடங்காக இருந்தது. வேலையிடத்தில் கார் நிறுத்தம் இலவசமாகக் கிடைத்தால் இவ்வாய்ப்பு 70% குறைந்தது. இவை தொடர்பைக் காட்டும் எண்கள். ஷவர் கட்டியதால்தான் மக்கள் வந்தனர் என்று நிறுவுபவை அல்ல. மிதிவண்டியில் வர விரும்புவோர் அதிகமுள்ள நிறுவனமே ஷவரையும் கட்டியிருக்கலாம். ஆயினும் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். நிலவறையில் இலவசக் கார் இடத்தையும் அதன் மூலையில் மிதிவண்டித் தாங்கியையும் சேர்த்துத் தரும் கட்டிடம், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்கின்றது.

இதற்கு எதிர் எல்லையில் உள்ளது சியாட்டில் நகரின் புல்லிட் மையம். 2013 ஏப்ரல் 22 அன்று திறக்கப்பட்ட இந்த ஆறு மாடி அலுவலகக் கட்டிடத்தில் கார் நிறுத்துமிடமே கிடையாது. அதற்குப் பதிலாக மிதிவண்டி நிறுத்தகமும், மாடிதோறும் ஷவரும் அமைக்கப்பட்டன.

மின் மிதிவண்டிகள்

இவ்விதிகள் எழுதப்பட்டபோது எதிர்பாராத ஒன்று மின்கலத்தால் இயங்கும் மிதிவண்டியின் பரவல் ஆகும். இதில் வருபவருக்கு வியர்வை குறைவு, எனவே ஷவரின் தேவையும் குறையலாம். மறுபுறம் வண்டியின் எடை கூடியுள்ளது. இரண்டடுக்குத் தாங்கியின் மேல் தட்டுக்கு அதனைத் தூக்குவது கடினம். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிடும் கொக்கிகளும் பயன்படா. சுமை ஏற்றும் நீண்ட வண்டிகளுக்கு 1.8 மீட்டர் நீளம் போதாது.

தீ ஆபத்து இவை எல்லாவற்றிலும் பெரியது. தரமற்ற அல்லது சேதமடைந்த லித்தியம் அயனி மின்கலங்கள் மின்னேற்றத்தின்போது தீப்பற்றக்கூடும். நியூயார்க் நகரில் இத்தகைய தீ விபத்துகளில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 18 பேர் இறந்தனர். அதே ஆண்டில் அந்நகரம், அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புச் சோதனையில் தேறாத மின் மிதிவண்டிகளையும் மின்கலங்களையும் விற்பதைத் தடை செய்தது. நெடுங்கால நிறுத்தகத்தில் மின்னேற்ற வசதி தருவதாயின், அதனைக் கட்டிடத்திலிருந்து மக்கள் தப்பிச் செல்லும் வழியில் வைக்காமல், தீ தாங்கும் சுவர்களும் நீர்தெளிப்பு அமைப்பும் கொண்ட தனி அறையில் வைப்பதே பாதுகாப்பானது. வாயிலுக்கு மிக அருகில் நிறுத்தகம் இருக்க வேண்டும் என்ற பழைய விதியும், வெளியேறும் வழியிலிருந்து அது விலகி இருக்க வேண்டும் என்ற இத்தேவையும் சிறிய மனைகளில் ஒன்றோடொன்று மோதுகின்றன. அத்தகைய இடங்களில் நிறுத்தகத்தைக் கட்டிடத்துக்கு வெளியே, கூரையிட்டுப் பூட்டக்கூடிய தனிக் கூண்டாக அமைப்பது ஒரு தீர்வாகும்.